மார்ட்டின் குருவிக்கு முதலில் கம்பம், அப்புறம்தான் வீடு

பர்ப்பிள் மார்ட்டின் குருவிகளைக் கொல்லைக்கு வரவழைக்க ஆசைப்படும் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே தப்பைச் செய்கிறார்கள். பன்னிரண்டு அறை, வெள்ளைச் சுவர், பச்சைக் கூரை என்று பார்க்க அழகாயிருக்கும் அலுமினிய வீட்டை முதலில் வாங்கிவிடுவார்கள். அப்புறம் அதை எதில் மாட்டுவது என்று கராஜைக் குடைவார்கள். நானும் அப்படித்தான். வேலி போட்டு மிஞ்சிய குழாய் ஒன்று கிடந்தது. அதையே நட்டு வீட்டை ஏற்றினேன். டெக்சாஸில் ஹூஸ்டனுக்கு மேற்கே இருக்கிறோம். ஏப்ரல் மாதத்தில் இங்கே இடிமழை சர்வசாதாரணம். அப்படி ஒரு ராத்திரி மழைக்குப் பிறகு காலையில் போய்ப் பார்த்தால், குழாய் இடுப்பில் மடங்கி, வீடு வேலிமேல் கவிழ்ந்து, புல்லில் நான்கு வெள்ளை முட்டைகள் உடைந்து கிடந்தன. வீட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

அதனால் இந்தக் கட்டுரை கம்பத்தைப் பற்றி மட்டும்தான். வீடா, சுரைக்குடுக்கையா என்பதெல்லாம் இரண்டாவது கேள்வி.

பறவையைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. வட அமெரிக்கத் தகைவிலான்களிலேயே பெரியது இதுதான். எட்டு அங்குல நீளம், ஐம்பது கிராம் சொச்சம் எடை. குளிர்காலத்தைத் தென் அமெரிக்காவில், பெரும்பாலும் பிரேசிலில், கழித்துவிட்டு வசந்தத்தில் வடக்கே வரும். ராக்கி மலைத்தொடருக்குக் கிழக்கே இவை அநேகமாக மனிதர் வைத்துக் கொடுக்கும் கூடுகளில்தான் குஞ்சு பொரிக்கின்றன. இந்த மண்ணின் பழங்குடிகள் சுரைக்குடுக்கைகளைக் கம்பத்தில் தொங்கவிட்ட காலத்திலிருந்து வரும் பழக்கம் இது. நாள் ஒன்றுக்கு 2000 கொசு தின்னும் என்று ஒரு கதை பல வருடமாக உலவுகிறது. அதை நம்பிக் கம்பம் நடாதீர்கள். மார்ட்டின் உயரத்தில் பறந்து தட்டான், பறக்கும் எறும்பு மாதிரியான பூச்சிகளைப் பிடித்துத் தின்னும் பறவை. நம் கணுக்காலைச் சுற்றும் கொசுவை அது சீந்துவதில்லை.

கம்பத்துக்கு என்ன வேலை?

உயரத்தில் தூக்கிப் பிடிப்பது மட்டும்தான் என்று நினைப்போம். உண்மையில் மூன்று வேலை. காற்றில் சாயாமல் நிற்க வேண்டும். வாரம் ஒரு முறை வீட்டைக் கீழே இறக்கி மறுபடி ஏற்ற விட வேண்டும். பாம்பையும், ரக்கூன் என்கிற மரமேறும் காட்டு விலங்கையும் ஏற விடக்கூடாது. முதல் வேலையை எல்லோரும் யோசிக்கிறார்கள். கம்பம் வாங்கும்போது பணத்தை எங்கே போடுவது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது இரண்டாவது வேலைதான்.

ஏன் வாரா வாரம் இறக்க வேண்டும்? சிட்டுக்குருவிதான் காரணம். நமக்குக் கொஞ்சம் சங்கடமான விஷயம் இது. ஊரில் சிட்டுக்குருவியைக் காணோமே என்று அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டுத் தாழ்வாரத்தில் தொங்கவிடுகிறோம். இங்கே அதே குருவி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நியூயார்க் பக்கம் கொண்டுவந்து விடப்பட்ட வெளிநாட்டுப் பறவை. மார்ட்டின் அறைக்குள் புகுந்து முட்டையைக் கொத்தி உடைத்து, வைக்கோலை அடைத்துக் குடியேறிவிடும். ஐரோப்பிய மைனாவான ஸ்டார்லிங்கும் அப்படியே. வாரம் ஒரு முறை இறக்கி, அறை அறையாகத் திறந்து பார்த்து, அவை சேர்த்த வைக்கோலை எடுத்துப் போட்டால்தான் மார்ட்டின் தங்கும். ஏணி வைத்து 14 அடி ஏறித்தான் பார்க்க முடியும் என்றால் இரண்டாவது வாரமே விட்டுவிடுவீர்கள்.

முதலில் இடம்

கடைக்குப் போவதற்கு முன் கொல்லையில் நின்று பாருங்கள். கம்பம் நிற்கும் இடத்திலிருந்து சுற்றிலும் 40 அடிக்குள் உயரமான மரம் இருக்கக்கூடாது. 60 அடி கிடைத்தால் இன்னும் நல்லது. மரத்தில் ஒளிந்திருந்து பாயும் கூப்பர்ஸ் பருந்துக்கு இந்தப் பறவை பயப்படும். வட்டமடித்து வந்து இறங்கத் திறந்த வானமும் வேண்டும். அதே சமயம் உங்கள் வீட்டை விட்டு ரொம்பத் தள்ளியும் போகாதீர்கள். மனிதர் நடமாட்டம் இருந்தால் மார்ட்டினுக்குத் தைரியம். வீட்டிலிருந்து 30 அடிக்கு மேல், 120 அடிக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அண்ணாந்து பாருங்கள். மின்கம்பி போகிறதா? கம்பத்தைத் தூக்கி நிறுத்தும்போது சாய்ந்தால்கூடக் கம்பியைத் தொடாத தூரம் வேண்டும். அலுமினியமும் இரும்பும் மின்சாரத்துக்கு ராஜபாட்டை. மண்ணுக்குள்ளும் கம்பி, கேஸ் குழாய் இருக்கலாம். அமெரிக்காவில் எந்த மாநிலமானாலும் தோண்டுவதற்குச் சில நாள் முன்பு 811-ஐக் கூப்பிட்டால், இலவசமாக ஆள் அனுப்பி எங்கெங்கே என்ன போகிறது என்று வண்ணக்கோடு போட்டுக் கொடுப்பார்கள். உங்கள் குடியிருப்பில் ஹெச்ஓஏ, அதாவது வீட்டு உரிமையாளர் சங்கம், இருந்தால் உயரத்துக்கு ஏதாவது வரம்பு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். கான்கிரீட் இறுகிய பிறகு வரும் கடிதம் ரொம்ப வலிக்கும்.

எவ்வளவு உயரம், எவ்வளவு கனம்

தரையிலிருந்து வீடு 12 முதல் 15 அடி வரை இருந்தால் போதும். வாங்கும்போது மண்ணுக்குள் போகும் நீளத்தை மறக்காதீர்கள். 16 அடிக் கம்பத்தில் இரண்டரை அடி புதைந்தால் வெளியே நிற்பது பதின்மூன்றரை அடிதான்.

கனத்துக்கு வருவோம். புதியவர்கள் வீட்டின் எடையைத்தான் கேட்கிறார்கள். பன்னிரண்டு அறையும் நிரம்பி, அறைக்கு ஒரு ஜோடி, ஐந்து குஞ்சு என்று கணக்குப் போட்டாலும் 84 பறவைதான். மொத்தம் ஐந்து கிலோ தேறாது. கம்பத்தை மடக்குவது எடை அல்ல, காற்று. மணிக்கு 60 மைல் வேகக் காற்று ஒரு சதுர அடிப் பரப்பில் ஏறத்தாழ 9 பவுண்டு அழுத்தம் தரும். இரண்டடிக்கு இரண்டடி முகப்புள்ள வீட்டில் அது 36 பவுண்டு. கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். ஆனால் 14 அடிக் கடப்பாரையின் நுனியில் 36 பவுண்டைத் தொங்கவிட்டு, மறு நுனியை நீங்கள் பிடித்துக்கொண்டு நிற்பதாக நினைத்துப் பாருங்கள். தரைமட்டத்தில் கம்பம் தாங்க வேண்டியது அந்த நெம்பலைத்தான். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். 2024 மே 16 அன்று ஹூஸ்டனை அடித்த சூறைக்காற்று நகரின் நடுவே மணிக்கு 100 மைலைத் தொட்டது. உயரக் கட்டடங்களின் கண்ணாடியே பெயர்ந்து விழுந்த நாள் அது.

இரும்பில் போவதென்றால் 2 அங்குல ஷெட்யூல் 40 கால்வனைஸ்டு குழாய், அதாவது நம் ஊரில் ஜிஐ பைப் என்கிறோமே, அந்த வகை, நம்பகமானது. ஷெட்யூல் 40 என்பது குழாய்ச் சுவரின் தடிமனைச் சொல்லும் எண். 2 அங்குலம் என்பது பெயரளவில்தான். வெளிவிட்டம் 2⅜ அங்குலம் இருக்கும், ஓர் அடிக்கு 3.65 பவுண்டு கனக்கும். நான் முதலில் நட்ட வேலிக்குழாய் 1⅜ அங்குலம், சுவர் தகடு மாதிரி மெல்லிசு. அதைவிட இது பத்து மடங்குக்கு மேல் விறைப்பானது. விட்டம் கொஞ்சம் கூடினாலே விறைப்பு எகிறிவிடும். கடையில் குழாயின் வாயில் டேப்பை வைத்துச் சுவரின் தடிமனைப் பாருங்கள். வெளியே மினுக்கும் பூச்சைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

அலுமினியமும் நல்லதுதான். துருப்பிடிக்காது, லேசு, தூக்கி நிறுத்த ஒரு ஆளே போதும். ஆனால் அதே அளவு விறைப்பு வேண்டும் என்றால் அலுமினியம் இன்னும் அகலமாகவோ தடிமனாகவோ இருக்க வேண்டும். மார்ட்டினுக்கென்றே செய்யும் நல்ல கம்பங்கள் பலவும் சதுர அலுமினியக் குழாயாக வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உருண்டைக் கம்பத்தில் காற்றடிக்கும்போது வீடு மெல்லத் திரும்பிக்கொள்ளும். மார்ட்டின் தன் அறையை அது பார்க்கும் திசையை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. காலையில் கிழக்கே இருந்த வாசல் மாலையில் தெற்கே போனால் தடுமாறும், பக்கத்து அறைக்காரனோடு சண்டை போடும். சதுரக் கம்பத்தில் இந்த வம்பு இல்லை. உருண்டைதான் வாங்கினீர்கள் என்றால், சுழலாமல் பூட்ட ஒரு திருகாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

மரத்தூண் வேண்டாம். நான்குக்கு நான்கு மரம் உறுதிதான், விலையும் மலிவு. ஆனால் பாம்புக்கும் ரக்கூனுக்கும் அது படிக்கட்டு. சில வருட வெயில் மழையில் முறுக்கிக்கொள்ளும், வீட்டை ஏற்றி இறக்கும் வளையம் அதில் சிக்கும். பிவிசி குழாயைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

ஏற்றி இறக்கும் வழி

இங்கேதான் நிதானமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மலிவானது டெலஸ்கோப் கம்பம். ஒன்றுக்குள் ஒன்று செருகிய மூன்று குழாய். மேலே தள்ளிவிட்டு ஊசி போட்டுப் பூட்டுவீர்கள். ஆறு, எட்டு அறை கொண்ட லேசான வீட்டுக்குச் சரி. ஆனால் மொத்த எடையையும் தலைக்கு மேலே கையை நீட்டித் தாங்கிக்கொண்டே ஊசியை எடுக்க வேண்டும். வியர்த்த கை வழுக்கினால் வீடு தடால் என்று இறங்கும், விரலும் இடையில் மாட்டும், உள்ளே இருக்கும் முட்டையும் போகும். தோள்வலிக்காரர்களும் தனியாகச் செய்கிறவர்களும் இதைத் தவிருங்கள்.

அடுத்தது கயிறும் கப்பியும். கொடியேற்றுவது மாதிரி இழுத்தால் வீடு கம்பத்தை ஒட்டியே ஏறும். கிணற்றில் நீர் இறைத்துப் பழகிய கைக்கு இது எளிது. கயிற்றை மட்டும் வெயில் தின்றுவிடும். வெளியிடங்களுக்கென்று செய்த நல்ல நைலான், பாலியஸ்டர் கயிறாகப் போட்டு, வருடா வருடம் சோதித்து, நார் பிரிந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது வின்ச். பிடியைச் சுற்றினால் இரும்புக் கம்பிவடம் சுருண்டு வீட்டைத் தூக்கும். விலை கூடுதல்தான். ஆனால் பன்னிரண்டு குடுக்கை தொங்கும் சட்டத்தையோ பெரிய வீட்டையோ ஏற்றுவதென்றால் வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். என் மாமியார் எழுபது வயதில் ஒரு கையால் சுற்றி இறக்கிவிடுகிறார். வாங்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: பிடியை விட்டால் வின்ச் தானாக நிற்குமா, அல்லது சரசரவென்று சுழலுமா? தானாக நிற்கும் பிரேக் உள்ளதுதான் வேண்டும். பிரேக் இல்லாத வின்ச்சின் பிடி கைநழுவினால் மணிக்கட்டைப் பெயர்த்துவிடும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

கீல் வைத்துச் சாய்க்கும் கம்பங்களும் விற்கிறார்கள். கம்பத்தையே படுக்க வைத்து வீட்டைத் தரைக்குக் கொண்டுவரும் வகை. முட்டையும் குஞ்சும் இருக்கும்போது வீட்டைச் சாய்த்தால் எல்லாம் ஒரு மூலைக்கு உருளும். அதனால் அந்த வகையே வேண்டாம். வீடு நேராக மேலே போய் நேராகக் கீழே வர வேண்டும்.

குழியும் கான்கிரீட்டும்

கம்பத்தை நேரடியாகக் கான்கிரீட்டில் புதைக்காமல், ஓர் உறையை மட்டும் புதைத்துக் கம்பத்தை அதற்குள் செருகி போல்ட் போடும்படி வாங்குங்கள். வீடு மாறினால் கம்பத்தை உருவிக்கொண்டு போகலாம்.

12 அங்குல அகலம், 36 அங்குல ஆழம் தோண்டுங்கள். அடியில் 6 அங்குலத்துக்கு ஜல்லி. உறையின் அடிவாய் திறந்தே ஜல்லியில் உட்கார வேண்டும். மழைநீர் உள்ளே தேங்காமல் வடிந்துவிடும். மேலே 30 அங்குலத்துக்குக் கான்கிரீட். 80 பவுண்டு மூட்டை நான்கு பிடிக்கும். உறை அலுமினியம் என்றால் கான்கிரீட்டைத் தொடும் பகுதிக்குத் தார்ப்பூச்சு அடித்துவிடுங்கள், ஈரக் கான்கிரீட்டின் காரம் அலுமினியத்தை அரிக்கும். ரசமட்டத்தை அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் வைத்து நேர் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பார்த்தால் மறுபக்கம் சாய்ந்திருப்பது தெரியாது. மேல்பரப்பைக் கம்பத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சரிவாகத் தேய்த்து விடுங்கள். மூன்று நாளாவது கழித்து வீட்டை ஏற்றுங்கள்.

மண்ணையும் பார்க்க வேண்டும். டல்லாஸிலிருந்து ஆஸ்டின் வழியாக சான் அன்டோனியோ வரை ஓடும் பிளாக்லேண்ட் பட்டை நம் கோவில்பட்டிக் கரிசலின் பங்காளிதான். ஹூஸ்டன் களிமண்ணுக்கும் ஏறக்குறைய அதே குணம். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் உப்பும். உப்பும்போது கான்கிரீட்டின் மேல்விளிம்பு காளான் குடை மாதிரி விரிந்திருந்தால் மண் அதைப் பிடித்து மேலே தூக்கும், கம்பம் சாயும். குழியின் வாய் குறுகி அடி சற்று அகன்றிருந்தால் அசையாது. வடக்கே இதே வேலையைப் பனி செய்கிறது. மினசோட்டாவில் கட்டட அடித்தளத்துக்கு விதித்திருக்கும் ஆழமே தெற்கில் 42 அங்குலம், வடக்கில் 60 அங்குலம். அங்கே இருப்பவர்கள் உள்ளூர் உறைபனி ஆழத்தைக் கேட்டு அதற்கும் கீழே போங்கள்.

சாய்ந்தால் அப்புறம் நிமிர்த்திக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மார்ட்டினுக்கு 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. முட்டை வைத்த பிறகு கூட்டைக் கலைக்கவோ இடம் மாற்றவோ கூடாது. மே மாதத்தில் சாய்ந்த கம்பத்தோடு குஞ்சுகள் பறக்கும்வரை தினமும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இழுகம்பி கட்டி நிறுத்தலாமா என்றால், அது பாம்புக்கு நாமே போட்டுக் கொடுக்கும் இன்னொரு பாதை.

பாம்புத் தடுப்பு

தடுப்பு இல்லாத கம்பம் விருந்து பரிமாறும் கம்பம். டெக்சாஸ் ராட் ஸ்நேக் விஷமில்லாதது, ஆனால் ஆறடி வளரும், வழுவழு இரும்பிலும் சுற்றிக்கொண்டு ஏறும். ஒரே ராத்திரியில் அறை அறையாகக் காலி செய்துவிடும். புகைபோக்கிக்கு விற்கும் 8 அங்குல விட்டத் தகரக் குழாயை மூன்றடி நீளத்துக்கு வாங்கி, மேல்வாயை மூடி, தரையிலிருந்து நாலைந்து அடி உயரத்தில் கம்பத்தைச் சுற்றித் தொங்கவிடுங்கள். இறுக்கமாகப் பூட்டாமல் கொஞ்சம் ஆட்டம் இருந்தால் ஏறுகிற ஜந்துவுக்குப் பிடி கிடைக்காது. கம்பம் வாங்கும்போதே இந்தத் தகரம் எங்கே உட்காரும் என்று பார்த்துவிடுங்கள். சில கம்பங்களில் வின்ச் சரியாக அந்த உயரத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். கயிறு தகரத்துக்கு வெளியே தொங்கிக் கிடந்தால் பாம்பு தகரத்தை விட்டுவிட்டுக் கயிற்றில் ஏறும். கயிற்றின் மிச்சத்தைத் தகரத்துக்கு மேலே சுருட்டிக் கட்டுங்கள். கம்பத்தடியில் செம்பருத்தி, மல்லி எல்லாம் வைக்க வேண்டாம். புல்லை ஒட்ட வெட்டி வையுங்கள்.

ஏற்றிப் பார்ப்பது

வீட்டை மாட்டுவதற்கு முன் அதே எடைக்கு ஏதாவது கட்டி ஏற்றிப் பாருங்கள். நான் இருபது பவுண்டு சோனா மசூரி மூட்டையைக் கட்டி ஏற்றினேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. மூட்டை உச்சியில் இருக்கும்போது கம்பத்தைத் தோள் உயரத்தில் பிடித்துக் குலுக்குங்கள். நுனி சற்று ஆடலாம், அடி ஆடக்கூடாது. பத்துத் தடவை ஏற்றி இறக்குங்கள். எங்காவது கிறீச் என்றால், சிக்கினால், இப்போதே சரிசெய்யுங்கள். சரி என்று பட்டதும் கம்பத்திலும் வீட்டின் அடித்தட்டிலும் மார்க்கரால் நேருக்கு நேர் ஒரு கோடு போடுங்கள். ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் கோடுகள் சேர்ந்தால் வாசல்கள் பழைய திசைக்கே வந்துவிடும். அறைகளுக்கு எண்ணும் எழுதிவிடுங்கள். குஞ்சுகளுக்கு மூன்று வாரம் ஆனபின் மட்டும் இறக்கித் திறக்காதீர்கள். பயந்து, பறக்கத் தெரியாமலே குதித்துவிடும்.

பிப்ரவரி தாண்டிவிட்டதே, இந்த வருடம் அவ்வளவுதானா என்று கேட்பவர்கள் உண்டு. மெக்சிகோ வளைகுடாக் கரையோரம் ஜனவரி கடைசியிலிருந்தே வந்து இறங்குபவை போன வருடம் குடியிருந்த பெரிய பறவைகள். அவை பழைய வீட்டுக்கே போகும். புது வீடு தேடுவது பெரும்பாலும் ஒரு வயதுக் குட்டிகள். அவை சில வாரங்கள் பிந்தித்தான் வரும், மே வரைக்கும் வந்துகொண்டே இருக்கும். மார்ச்சில் கான்கிரீட் போட்டாலும் உங்களுக்கு நேரம் இருக்கிறது.